ஸ்லீவா, பைபாஸா? அப்புறம் களி சாப்பிடலாமா?

பாலக்கோடு:
அத்தைக்கு 52 வயசு. உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ. 9 வருஷமா சுகர், இன்சுலின் போடறாங்க. ராத்திரியில நெஞ்செரிச்சல். எடை குறைய பெங்களூருல ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றாங்க. சரிங்களா? தினம் ஒரு வேளையாவது களி இல்லாம அவங்களுக்கு ஆகாது.

தர்மபுரி சர்ஜன்:
பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேத்த எடைக் கணக்கு, கிட்டத்தட்ட 43. 2022ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்படி 35 இருந்தாலே ஆபரேஷன் பண்ணலாம், ஆசியர்களுக்கு 27.5 போதும். அதுல சந்தேகமில்ல. நெஞ்செரிச்சல்தான் உறுத்துது. ஸ்லீவ்ல இரைப்பையில முக்கால் பாகத்துக்கு மேல எடுத்துட்டு மிச்சத்தைக் குழாய் மாதிரி ஆக்கிடுவாங்க. உள்ள அழுத்தம் கூடி அமிலம் இன்னும் மேலே ஏறலாம். வாய் வழியா கேமரா விட்டுப் பார்க்கற எண்டோஸ்கோபி பார்த்தாங்களா? உணவுக்குழாயில புண் இருந்தா பைபாஸ்தான் (இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேரா குடலோட இணைக்கறது) நல்லது, சுகருக்கும் அது கூடுதலா கேட்கும். ஆனா பைபாஸுக்கு அப்புறம் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை கூடவே கூடாது, குடலை இணைச்ச இடத்துல புண் வரும். நம்ம பக்கம் ஃப்ளோரைடு தண்ணியால மூட்டு வலின்னு மெடிக்கல்ல வாங்கிப் போடறவங்க நிறைய. அத்தைக்கு அந்தப் பழக்கம் இருக்கான்னு கேளுங்க.

கிருஷ்ணகிரி டயட்டீஷியன்:
களியை நாம மெல்றதில்ல, உருட்டி முழுங்கறோம். குறுகின இரைப்பையில அது அப்படியே அடைச்சு வாந்தி வரும். முதல் 2 வாரம் நீராகாரம், அடுத்த 2 வாரம் மசிச்சது. களி ஆசையை 3 மாசம் தள்ளிப்போடுங்க. பிறகும் சுண்டைக்காய் அளவு கிள்ளி, மென்னுதான். அதுக்கு முன்னாடி முட்டை, பருப்பு, தயிர் உள்ள போகணும், தினம் 60 கிராம் புரதம் வேணும். சாப்பாட்டோட தண்ணி வேண்டாம், அரை மணி நேரம் கழிச்சு. பைபாஸ்னா மாம்பழ ஜூஸை மறந்துடுங்க: சர்க்கரை சட்டுனு குடலுக்கு இறங்கி படபடப்பு, வேர்வை, பேதி.

ஊத்தங்கரை நர்ஸ்:
ஆபரேஷன் பெங்களூருல, சிக்கல் வர்றது வீட்டுல. ஓயாம வாந்தி எடுத்தா உள்ளூர் கிளினிக்ல நேரா குளுக்கோஸ் பாட்டில் ஏத்திடுவாங்க. வைட்டமின் பி1 (தயாமின்) குறைஞ்ச உடம்புல அது மூளையைப் பாதிக்கும்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும். முதல்ல தயாமின் ஊசின்னு டிஸ்சார்ஜ் சம்மரி மேலயே சிவப்புல எழுதி வைங்க. நாடித்துடிப்பு 120க்கு மேலயே நின்னா, காய்ச்சலோ இடது தோள் வலியோ சேர்ந்தா, தையல் கசிவா இருக்கலாம். வாயுன்னு சோடா கொடுத்துட்டு உட்காராதீங்க, உடனே கிளம்புங்க. இன்சுலினும் பழைய அளவுல போட்டா சுகர் தாழ்ந்துடும்.

பாலக்கோடு:
எண்டோஸ்கோபி இன்னும் பார்க்கலைங்க.

தர்மபுரி சர்ஜன்:
அப்ப தேதி குறிக்காதீங்க. அதைப் பார்த்துட்டு, பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி ரத்தத்துல எவ்வளவுன்னு வாங்கிட்டு வாங்க.