'தி வாட்டர் ஹார்ஸ்' போல வேறு படம் சொல்லுங்களேன்

வணக்கம். 2007-இல் வந்த 'தி வாட்டர் ஹார்ஸ்' படத்தை என் ஏழு வயது மகளோடு பார்த்தேன். இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்காட்லாந்து. போருக்குப் போன அப்பாவுக்காக ஏங்கும் ஆங்கஸ், கரையில் கிடைத்த முட்டையை வீட்டுக்குக் கொண்டுவருகிறான். பொரிந்து வந்த குட்டிக்கு குரூசோ என்று பெயர் வைத்து, குளியல் தொட்டியில் ஒளித்து வளர்க்கிறான். தொட்டி கொள்ளாமல் வளர்ந்ததும் நெஸ் ஏரிதான் அதற்கு வீடு. ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் நீர்க்குதிரை இது.

பிரியும் காட்சியில் மகள் தேம்பி அழுதுவிட்டாள். மறுநாளே, "இன்னொரு தடவை போடுங்கப்பா" என்றாள்.

இதே மாதிரி, குழந்தையும் விசித்திர உயிரும் நட்பாகும் படங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். அதிகம் பயமுறுத்தக் கூடாது. அப்புறம், இந்தப் படம் தமிழ் டப்பிங்கில் கிடைக்குமா? பாட்டியோடு உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.