இம்யூனோடாக்ஸிசிட்டிக்கு 'நோய்க்காப்புக் கேடு' பொருந்துமா?

வணக்கம் ஐயா,

கோழிக்குப் பூச்சிக்கொல்லியால் வரும் பாதிப்பு பற்றிய நம் கட்டுரை வரைவில், வெளியிலிருந்து வரும் நஞ்சு உடலின் நோயெதிர்ப்பைக் (இம்யூனிட்டியை) கெடுப்பதைச் சொல்லும் 'இம்யூனோடாக்ஸிசிட்டி'க்கு நீங்கள் முன்வைத்த 'நோயெதிர்ப்பு நச்சுத்தன்மை' எனக்கு உறுத்துகிறது. நஞ்சு வெளியிலிருந்து வருகிறது, அடிபடுவது கோழியின் இம்யூனிட்டி. இந்தத் தொடரைப் படித்தால் நோயெதிர்ப்பே நஞ்சாகிவிட்டது போலத் தோன்றுகிறது.

இன்னொன்று, கட்டுரை பூச்சிக்கொல்லியைப் பற்றியது. உண்ணி மருந்துக்கு அடங்காமல் போவதையும் 'எதிர்ப்புத்திறன்' என்கிறோம், கோழியின் இம்யூனிட்டியையும் அதே சொல்லால் சொல்கிறோம். "பூச்சிக்கொல்லியால் எதிர்ப்புத்திறன் மாறுகிறது" என்று எழுதினால் உண்ணியுடையதா கோழியுடையதா? பாடநூலில் 'நோய்த்தடைக்காப்பு' இருக்கிறது, அதைச் சுருக்கி 'நோய்க்காப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் 'நச்சு'. கோழிக்கு நஞ்சு ஏறிவிட்டது என்றால் பண்ணைக்காரர் வாயில் நீர் ஒழுகி, நடுங்கி, விழுந்து சாவதைத்தான் நினைப்பார். குளோர்பைரிஃபாஸ், மாலத்தியான் போன்ற பூச்சிக்கொல்லிகள் அளவு மீறினால் அப்படித்தான் ஆகும், ஏனென்றால் அவை நரம்பில் வேலை செய்யும் ஒரு நொதியை முடக்குகின்றன. நாம் சொல்ல வருவது அது இல்லை. தீவனத்தில் எஞ்சிய மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய், கோழி பார்வைக்கு நன்றாகவே இருக்கும்போது, உள்ளே நோய்க்காப்பு உறுப்புகளான, கழுத்திலுள்ள தைமஸும் எச்சத்துவாரத்துக்கு மேலேயுள்ள பர்சாவும் சுருங்கலாம், வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டும் ரத்தத்தில் எதிர்பொருள் (ஆன்டிபாடி) ஏற வேண்டிய அளவுக்கு ஏறாமல் போகலாம். பண்ணைக்காரர் தடுப்பூசி மேல் சந்தேகப்படுவார், தீவனத்தைப் பார்க்கவே மாட்டார். (வரைவில் 'பூச்சிக்கொல்லி எச்சம்' என்று இருக்கிறது, தயவுசெய்து மாற்றுங்கள், கோழிப்பண்ணையில் எச்சம் என்றால் வேறு.)

முதலில் 'நோய்க்காப்பு நலிவு' என்று நினைத்தேன். ஆனால் இம்யூனோடாக்ஸிசிட்டியில் நோய்க்காப்பு அடங்கிப்போவது மட்டுமல்ல, ஒவ்வாமை மாதிரி அளவுக்கு மீறிப் பொங்குவதும் சேரும், அதற்கு நலிவு போதாது. 'கேடு' இரண்டையும் தாங்கும். சீர்கேடு, சுகாதாரக்கேடு என்று எல்லோர் வாயிலும் இருக்கிற சொல்தானே. அதனால் என் பரிந்துரை 'நோய்க்காப்புக் கேடு'. அடங்கிப்போவதை மட்டும் சொல்லும் இடத்தில் 'நோய்க்காப்பு ஒடுக்கம்' என்று எழுதலாம்.

பர்சாவுக்குத் தனிச்சொல் வேண்டாம் என்பேன். கோழிக்குஞ்சிலிருந்து அதை நீக்கினால் எதிர்பொருள் சரியாக உருவாவதில்லை என்று புரூஸ் கிளிக்கும் உடனிருந்தவர்களும் 1956இல் காட்டினார்கள், எதிர்பொருளை உருவாக்கும் 'பி செல்' என்ற பெயரில் உள்ள 'பி' அந்த பர்சாதான். தமிழாக்கினால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

கால்நடை மருத்துவம் படித்தவர்கள் 'கேடு' பற்றி என்ன நினைக்கிறீர்கள்?