மறு: மறு: காயில் வைத்தபின் மீண்டும் வருவதற்கு என்ன சொல்?

மொழிபெயர்ப்பாளர்:
மூளைத் தமனிப் புடைப்புக்கு (அன்யூரிசம், ரத்தக்குழாய்ச் சுவர் பலூன்போல் உப்புவது) காயில், அதாவது மெல்லிய உலோகச் சுருள், வைத்தவர்களில் யாருக்குப் புடைப்பு திரும்ப வரும் என்று முன்கணிப்பது பற்றிய கட்டுரை. நாளை மாலை தரவேண்டும். ரிக்கரன்ஸுக்கு ‘மீட்சி’ என்று போட்டேன். சரிபார்த்தவர் அடித்துவிட்டார்.

புலவர் ஐயா:
அடித்தது சரியே. ‘மீட்சிக்கு வாய்ப்பு அதிகம்’ என்று படித்தால் குடும்பமே மகிழ்ந்துபோகும். ‘மீள்வு’ போதும். வீரனைக் குறிக்கும் ‘மீளி’யும் இதே வேர்தான் என்பது என் துணிபு. தனி மடலில் விரிக்கிறேன்.

இலங்கை அன்பர்:
வேறிடத்தில் ‘நாளப்புடைப்பு’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாடநூல்களில் நாடிதான் உங்கள் தமனி. நாளம் உங்கள் சிரை. எங்கள் பிள்ளைகள் சிரையில் போய்த் தேடுவார்கள்.

மருத்துவர்:
முதலில் நடப்பதைப் பார்ப்போம். காயில் புடைப்பை அகற்றுவதில்லை. பிளாட்டினச் சுருளை உள்ளே அடைத்து ரத்தம் புகாமல் செய்கிறது. நெருக்கி அடைத்தாலும் சுருள் பிடிப்பது கொள்ளளவில் ஏறக்குறைய கால்பங்குதான், மிச்சம் உறைந்த ரத்தம். நாளடைவில் ரத்தம் மோதி மோதிச் சுருள் அமுங்கும், கழுத்துப் பக்கம், அதாவது புடைப்பு தமனியோடு சேரும் வாய், திறந்துகொள்ளும். 10 மி.மீ.க்கு மேற்பட்ட புடைப்பு, 4 மி.மீ.க்கு மேல் அகன்ற கழுத்து, முன்பே வெடித்தது, தளர அடைத்தது, முதல் நாளே முழுதாக அடைபடாதது: கணிப்புக்கு இவைதான் முக்கியம். புடைப்பு எங்கும் போகவில்லையே, மீண்டு வர? ‘மீள்திறப்பு’ என்பேன்.

புலவர் ஐயா:
சுவரே புதிதாக வளர்ந்தால் டாக்டர்? அங்கே எது திறந்தது?

தனித்தமிழ் அன்பர்:
அதற்குமுன் ‘காயில்’ ஒழியட்டும். தமிழில் அது ‘காயின் உள்ளே’, செய்யுளில் ‘காய்ந்தால்’. சுருள் என்ற சொல் என்ன பாவம் செய்தது?

இலங்கை அன்பர்:
வட எழுத்தை நீக்கி வடசொல்லை ஏற்கத் தொல்காப்பியரே வழிவிட்டார். காயிலில் நீக்கவும் ஒன்றுமில்லை.

மருத்துவர்:
நோயாளி கையிலுள்ள அறிக்கையில் காயில் என்றுதான் இருக்கிறது. அவர் அறிந்த சொல்லைப் பிடுங்காதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
இன்னொன்று. புடைப்பு எவ்வளவு அடைபட்டது என்று தரம் பிரிக்கும் ரேமண்ட்-ராய் வகைப்பாட்டில் மூன்று படிகள்: முழு அடைப்பு, கழுத்தில் மிச்சம், புடைப்புக்குள் மிச்சம். இரண்டாவதற்குக் ‘கழுத்தெச்சம்’ சரியா?

புலவர் ஐயா:
பெயரெச்சம், வினையெச்சம் படித்தவர்க்குச் சரி. மற்றவர்க்குக் காக்கைதான் நினைவுக்கு வரும்.

மருத்துவர்:
‘மிச்சம்’ என்றே விடுங்கள். முதல் நாளே நின்ற மிச்சத்தை மீள்வில் சேர்த்து எண்ணினால் கணக்கே தப்பும். அது மட்டும் கலக்கவேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்:
நேரமில்லை. ‘மீள்வு’க்கே ஆதரவு கூடுதல். முதலில் வரும் இடத்தில் ‘அடைத்த புடைப்புக்குள் மீண்டும் ரத்தம் புகுதல், அல்லது புடைப்பு மேலும் வளர்தல்’ என்று விளக்கிவிடுகிறேன். நாளம் எல்லாம் தமனியாகிவிட்டது. காயில் அப்படியே, அடுத்து ஒரே ஒருமுறை ‘சுருள்’.

தனித்தமிழ் அன்பர்:
ஒரே ஒருமுறையா!

மருத்துவர்:
கட்டுரையில் எப்படியோ போகட்டும். அமுங்கலும் வளர்ச்சியும் ஒரே சொல்லுக்குள் அடங்குவதை நான் ஏற்கவில்லை. வகுப்பில் ‘மீள்திறப்பு’, ‘மறுவளர்ச்சி’ என்று பிரித்தே சொல்வேன்.

புலவர் ஐயா:
மீளி பற்றிய மடல் கிடைத்ததா? யாரும் பதில் போடவில்லை.