செல் பேலன்சிங்: ‘தலைதட்டல்’னு வச்சுக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

நேத்து நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக அண்ணன் செல் பேலன்சிங்குக்கு, அதாவது பேட்டரிக்குள்ள இருக்குற செல்லெல்லாம் ஒரே அளவுல நெறையிற மாதிரி பாத்துக்குறதுக்கு, ‘மின்கலச் சமநிலைப்படுத்தல்’னு போட்டிருந்தாரு. தப்புன்னு சொல்லல, ஆனா அதப் படிச்சா உள்ள என்ன நடக்குதுன்னு ஒண்ணும் புரியல. கோயம்புத்தூர்ல என் தம்பி மின்சைக்கிளுக்கு 36 வோல்ட் பேட்டரி பேக் ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்கான், நான் இங்க சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல அரசு கட்டுன வீவக வீட்டு ஹால்ல உக்காந்து வீடியோ கால்ல வழி சொல்றேன். (இங்க சொந்தமாக் கட்டுற ஆசையே வேணாம், அரசு ஒப்புதலுக்கான ஆரஞ்சு முத்திரை வாங்குன வண்டியில கை வச்சா குத்தம்.) அவன்கிட்ட சமநிலைன்னதும் “தராசு மாதிரிங்களாண்ணா?”ன்னு கேட்டான். அங்கதான் எனக்கு உறுத்துச்சு.

அவன் பேக்ல நாலு நாலு செல்லாப் பக்க இணைப்புல சேத்து, அப்படிப் பத்துக் கூட்டத்தத் தொடர் இணைப்புல கோத்திருக்கான். பக்க இணைப்புல இருக்குற நாலும் தண்ணித் தொட்டி மாதிரி தானா ஒரே மட்டத்துக்கு வந்துடும், பிரச்சனை தொடர்லதான். ஒரு கூட்டம் நெறஞ்சா 4.2 வோல்ட், பத்துக்கும் சேத்து 42. சார்ஜருக்குத் தெரியிறது அந்த மொத்தக் கணக்கு மட்டும்தான். ஒம்போது கூட்டம் 4.18ல நிக்குது, ஒண்ணு மட்டும் 4.38க்கு ஏறிடுச்சுன்னு வைங்க, கூட்டிப் பாருங்க, அதுவும் 42 தான்! பிஎம்எஸ், அதாவது ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியாக் கண்காணிக்கிற சர்க்யூட், இல்லன்னா சார்ஜர் பாட்டுக்குப் பச்சை லைட்டப் போட்டுடும், அந்த ஒரு கூட்டம் உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டு இருக்கும்.

அதனால பிஎம்எஸ் என்ன பண்ணுது, முந்திக்கிட்டு உச்சிக்கு வர்ற கூட்டத்துல மிஞ்சுனத ஒரு சின்ன மின்தடை வழியா சூடாக்கிக் கழிச்சு விடுது, மத்தது வந்து சேர்ற வரைக்கும். எங்க அப்பத்தா படியில அரிசி அளக்குறப்ப கூம்பா நிக்கிறதக் கையால ஒரு இழு இழுத்துவிடுமே, அதேதான். சமையல் குறிப்புல கூட ‘தலை தட்டி ஒரு டம்ளர்’னுதான எழுதுறோம். அதனால ‘தலைதட்டல்’. மட்டந்தட்டல்னும் யோசிச்சேன், அது ஆளத் திட்டுற மாதிரி போயிடுது.

> தம்பி, சொல்லு அழகா இருக்கு. ஆனா படியில தட்டுன அரிசி திரும்ப மூட்டைக்குத்தான போவும், இங்க வீணாத்தான போவுது? அப்புறம் நெறஞ்ச செல்லுலேர்ந்து எடுத்துக் கொறஞ்ச செல்லுக்குக் குடுக்குற பிஎம்எஸ்ஸும் இருக்கே, அதுக்கும் தலைதட்டல்தானா?

அக்கா, சரியான எடத்துல புடிச்சீங்க. அரிசி விஷயத்துல உவமை கொஞ்சம் நொண்டுது, ஒத்துக்குறேன். ரெண்டாவதுக்கு வேற சொல்லுதான் வேணும். மேட்டு மண்ண வெட்டிப் பள்ளத்துல போடுறதுக்கு ஊர்ல ‘நிரவுறது’ன்னுதான சொல்லுவோம், அதுக்கு ‘நிரவல்’னு வச்சுடலாம். ரெண்டுக்கும் பொதுப்பேரா அண்ணனோட சொல்லு இருந்துட்டுப் போகட்டும், ‘நிலை’யக் கழிச்சுட்டு, கொஞ்சம் மாத்தி ‘சமன்செய்தல்’னு.

பட்டியல்ல சொல்லுக்குக் கீழ வர்ற விளக்கக் குறிப்புல இதையும் சேக்கணும்: தலைதட்டல் ரொம்ப மெதுவா நடக்குற வேலை. ஒரு கூட்டம் 200 மில்லிஆம்பியர்-மணி முந்தி இருந்து, தடை 50 மில்லிஆம்பியர்தான் கழிக்கும்னா நாலு மணி நேரம் ஆவும், பச்சை லைட் வந்ததும் பிடுங்கிட்டா பாதியில நிக்கும். அதுக்காக ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கவும் கூடாது, இங்க தீயணைப்பப் பாக்குற குடிமைத் தற்காப்புப் படை சொல்லிச் சொல்லி ஓஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை பகல்ல, வாசக்கதவுப் பக்கம் வைக்காம, கண்ணு முன்னாடி போட்டு வைக்கச் சொல்லி எழுதலாம்.

> தலைதட்டல் ஓகே. சமன்செய்தலும் ஓகே, நிலையக் கழிச்சதுல வருத்தமில்ல. நிரவல்தான் கர்நாடக சங்கீதப் பாட்டுக்காரங்க ஏற்கெனவே எடுத்துக்கிட்ட சொல்லு.

அவங்க ஒரே வரிய வச்சு விதவிதமாப் பாடி நிரவுறாங்க, நாம வோல்ட்ட வச்சு நிரவுறோம், மோதாது அண்ணே. பட்டியல்ல ஏத்திடட்டுமா?