மீட்டிங் குறிப்பில் 14 தடவை 'செட்': ரிப்போர்ட்டட் ஸ்பீச் சந்தேகம்

இரவுப்பணி:
அலுவலகத்தில் மீட்டிங் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. போன வாரக் குறிப்பில் 'செட்' (said, அதாவது 'சொன்னார்') மட்டும் 14 தடவை. அதுகூடப் பரவாயில்லை. சக ஊழியர் ஒருவர், "நான் நாளைக்கு அனுப்புகிறேன்" என்றார். நான் 'ஹி செட் தட் ஐ வில் செண்ட் இட் டுமாரோ' என்று எழுதிவிட்டேன். மறுநாள் காலையில் மேனேஜர் ஃபைலை என்னிடம் கேட்கிறார்! எங்கே தப்பு? 'செட்'டுக்குப் பதிலாக வேறு என்ன போடலாம்?

ஒற்றுப்பிழை:
சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். தமிழில் 'என்று' போட்டால் பேசியவரின் வார்த்தை அப்படியே நிற்கும், அவருடைய 'நான்' உட்பட. ஆங்கில 'தட்' அப்படியில்லை. அது நம் 'அனுப்புவதாகச் சொன்னார்' மாதிரி. அதில் பேசியவரின் 'நான்' நுழையவே முடியாது, பாருங்கள். எழுதுமுன் மனதுக்குள் வாக்கியத்தை 'ஆக' போட்டு மாற்றிக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மீதி டென்ஸ். 'அனுப்புவதாக' என்பது எதிர்காலமாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'செட்' வந்தால் 'வில்' பொதுவாக 'வுட்' ஆகும். 'டுமாரோ'வும் 'த நெக்ஸ்ட் டே' ஆகும். ஆக, 'ஹி செட் ஹி வுட் செண்ட் இட் த நெக்ஸ்ட் டே'. சொன்ன விஷயம் இன்றைக்கும் உண்மை என்றால் டென்ஸை மாற்றாமல் விடலாம்.

அரைப்புள்ளி:
'டோல்ட் டு மி' என்று எழுதிவிடாதீர்கள். 'என்னிடம்' என்பதில் உள்ள 'இடம்' நம்மை அந்த 'டு'வுக்குத் தள்ளுகிறது. 'டோல்ட் மி' போதும். 'எக்ஸ்ப்ளெய்ண்ட்' நேர் எதிர், அதற்கு 'டு' கட்டாயம்.

இரவுப்பணி:
நன்றி. இன்றைக்குக் கொஞ்சம் திருத்தினேன். கையெழுத்துப் போட மறுத்தார் என்பதற்கு 'ஹி டினைட் டு சைன்'. சரிதானே?

ஒற்றுப்பிழை:
இல்லை. நமக்கு 'மறுத்தார்' ஒன்றுதான், அவர்களுக்கு இரண்டு. செய்ய மறுத்தால் 'ரெஃப்யூஸ்ட் டு சைன்'. கையெழுத்துப் போட்டதையே இல்லை என்றால் 'டினைட் சைனிங்'. குறிப்பில் இதை மாற்றிப் போட்டால் அவர் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்!

அப்புறம், 14 'செட்' ஒன்றும் பாவமில்லை. அலுத்துப்போய் 'கிளெய்ம்ட்' மட்டும் போடாதீர்கள். 'அப்படிச் சொல்லிக்கொள்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை' என்ற தொனி அதில் உண்டு.

இரவுப்பணி:
ஐயோ. மூன்று இடத்தில் போட்டிருக்கிறேன், அதில் இரண்டு மேனேஜர் பேசியது. இன்னும் அனுப்பவில்லை, இதோ மாற்றிவிட்டு வருகிறேன்.