அலமாரிக்குள் வைக்க எந்த ஸ்பீக்கர்: எலாக், கெஃப், இல்லை ஆக்டிவ் மானிட்டரா?

மாலைநேரம்
அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஸ்பீக்கர்களைக் குறுகிய சுவரை ஒட்டி நிற்கும் புத்தக அலமாரியில்தான் வைக்க முடியும், தனி ஸ்டாண்டுக்கு இடமில்லை. சோபா எதிர்ச் சுவரை ஒட்டி இருக்கிறது, ஸ்பீக்கரிலிருந்து சுமார் 3 மீட்டர். பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் ஒலிபெருக்கி) ஒன்று கைவசம் உண்டு, சேனலுக்கு 40 வாட். சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கென்றே தனிப் பெட்டி) வேண்டாம். கேட்பது பெரும்பாலும் குரல் பாடல்கள், ஜாஸ், கொஞ்சம் ராக்.

எலாக் டெப்யூ 2.0 பி6.2, கெஃப் கியூ150 (இரண்டும் பாஸிவ், வெளி ஆம்ப் வேண்டும்), ஜேபிஎல் 305பி மார்க் 2 (ஆக்டிவ் மானிட்டர், ஆம்ப் உள்ளேயே இருக்கும்). இந்த மூன்றில் எதை வாங்கலாம்?

ஆறரைஅங்குலம்
யோசிக்கவே வேண்டாம், எலாக். சப்வூஃபர் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அப்படியானால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, முழுவதும் இந்தப் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும். பி6.2-இல் ஆறரை அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய கூம்பு), 44 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்; எண் குறையக் குறைய ஒலி தாழும். கியூ150-இல் ஐந்தேகால் அங்குலம், 51 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஜாஸ் கேட்பவருக்கு அந்த வித்தியாசம் கட்டாயம் தெரியும். இன்னொன்று, எலாக்கின் போர்ட் (பெட்டியின் காற்றுத் துளை) முன்பக்கம் இருக்கிறது. கெஃப்புக்கும் ஜேபிஎல்லுக்கும் பின்பக்கம். அலமாரிக்குள் எது நிம்மதியாக மூச்சுவிடும்?

நேர்க்கோடு
44-ஆ 51-ஆ என்ற கணக்கு திறந்த வெளிக்குத்தான் பொருந்தும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 4 மீட்டர் நீள அறையின் முதல் ஒத்ததிர்வு, அதாவது சுவர்களுக்கிடையே ஒலி தானே பெருகும் அலைவரிசை, 343-ஐ நீளத்தின் இரு மடங்கான 8-ஆல் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸ். நண்பர் உட்காருவதோ பின்சுவரை ஒட்டி, அந்த அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்தில். அவர் கேட்கும் அடித்தந்தியை ஸ்பீக்கரைவிட அறைதான் தீர்மானிக்கப் போகிறது. பேஸ் போதாது என்பது இவருக்குப் பிரச்சினையே இல்லை, அதிகமாகிவிடுவதுதான் பிரச்சினை.

அலமாரியில் வைத்தால் இது இன்னும் கூடும். பெரும்பாலான பாஸிவ் ஸ்பீக்கர்கள் ஸ்டாண்டில், சுவரிலிருந்து தள்ளி நிற்கும் என்று நினைத்து வடிவமைக்கப்படுபவை. அங்கே கீழ் அலைவரிசைகள் பெட்டியைச் சுற்றிப் பின்னால் பரவிவிடும் என்பதால் கிராஸோவரிலேயே (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று; ட்வீட்டர் என்பது உயர்ந்த ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) அதற்கு ஈடு கொடுத்திருப்பார்கள். சுவரை ஒட்டி வைத்தால் சுவரும் தன் பங்குக்கு 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) வரை சேர்க்கும். குரல் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்துவிடும். 305பி-யின் பின்னால் இந்தக் கனத்தைக் குறைக்கவென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது: 0, மைனஸ் 1.5, மைனஸ் 3 டெசிபல். அதனால் என் ஓட்டு ஜேபிஎல்லுக்கு.

பழைய_ஆம்ப்
அவரிடம் ஆம்ப் இருக்கிறது, அதில் பேஸ் குமிழ் இருக்கும். குறைத்துக்கொண்டால் முடிந்தது. அதற்காக இரண்டு பெட்டிக்குள்ளும் தனித்தனி ஆம்ப், தனித்தனி மின்கம்பி, எக்ஸ்எல்ஆர் அல்லது டிஆர்எஸ் (ஸ்டூடியோக் கம்பி வகைகள்) மட்டுமே ஏற்கும் உள்ளீடு என்று எதற்கு இவ்வளவு? வீட்டு ஸ்டீரியோக்களின் சாதாரண ஆர்சிஏ கம்பி நேராகச் சேராது, மாற்றுக் கம்பி தேட வேண்டும்.

பாஸிவ் ஸ்பீக்கரில் கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை. வூஃபரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு கிழிந்தால் மாற்றலாம். கிராஸோவரில் ஒரு கெபாசிட்டர் போனால் மாற்றலாம். ஆக்டிவ் ஸ்பீக்கரின் உள் ஆம்ப் போய், அந்த பலகை சந்தையிலும் இல்லையென்றால், நல்ல வூஃபரையும் ட்வீட்டரையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியதுதான். அந்த வீண் எனக்குப் பொறுக்காது.

நேர்க்கோடு
பழுது பார்ப்பது பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பேஸ் குமிழ் பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. ஆம்ப்களில் அந்தக் குமிழ் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் வேலை செய்யும். சுவர் சேர்ப்பது 200, 300 ஹெர்ட்ஸ் வரை நீளும், ஆண்குரல் கனப்பது அங்கேதான். குமிழைத் திருகினால் கீழே சப்பென்று ஆகும், நடுவே கனம் அப்படியே நிற்கும்.

காதுசாட்சி
எல்லோரும் எண்களிலேயே நிற்கிறீர்கள். மூன்றையும் ஒரே பாட்டில் கேட்டுப் பார்த்துப் பிடித்ததை வாங்குங்கள். தினமும் கேட்கப் போவது உங்கள் காது, அளவீட்டு வரைபடம் அல்ல.

நேர்க்கோடு
கேட்க வேண்டும், சரி. எப்படிக் கேட்பது என்பதில்தான் எனக்குக் கவலை. 1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிலாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களை முதலில் திரைக்குப் பின்னால் வைத்தும், பிறகு கண்ணெதிரே வைத்தும் கேட்கச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பெண்கள் மாறின. பெரிய, பகட்டான பெட்டிகள் மேலே போயின, சிறிய பிளாஸ்டிக் பெட்டி கீழே இறங்கியது. ஒலி அளவும் அப்படித்தான். ஒன்று 1 டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அது தெளிவாக இருப்பதாகத் தோன்றும். அளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் சத்தமாக ஒலிப்பதுதான் ஜெயிக்கும்.

காதுசாட்சி
அதே ஆய்வாளர்கள் கடைசியில் அளவீட்டுக்கு நியாயம் கேட்டது மனிதக் காதுகளிடம்தானே? நேர்முகமாகச் சீராகவும், பக்கவாட்டில் வழுவழுப்பாகக் குறைந்தும் ஒலிக்கும் ஸ்பீக்கரைப் பெரும்பாலோர் விரும்புகிறார்கள் என்று காதுகளை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலோர் என்பது எல்லோரும் ஆகாது. மாலைநேரத்தின் வீட்டில், அவர் அலமாரியில், அவர் கேட்கட்டும். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கினால் போதும். வரைபடம் நல்லதென்று ஒன்றை வாங்கி, பிடிக்காமல் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்வது யாருக்கும் வேண்டாம்.

மாலைநேரம்
ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள், ஆனாலும் நிறையத் தெரிந்துகொண்டேன். இப்போதுதான் அலமாரியை அளந்தேன். தட்டின் உயரம் 36 செ.மீ., ஆழம் 30 செ.மீ., பின்னால் மூடிய பலகை. அப்புறம், 40 வாட் போதுமா?

நேர்க்கோடு
இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பி6.2-இன் உயரம் 37.5 செ.மீ. உள்ளே நிற்காது.

ஆறரைஅங்குலம்
படுக்க வைக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள்.

பழைய_ஆம்ப்
வைக்கிறார்கள், ஆனால் வேண்டாம். ட்வீட்டரும் வூஃபரும் மேலும் கீழுமாக இருந்தால், சோபாவில் எங்கே நகர்ந்தாலும் இரண்டுக்குமான தூரம் ஒன்றுபோல்தான் மாறும். படுக்க வைத்தால் பக்கத்தில் உட்காருபவருக்கு ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் வந்துசேரும். இரண்டும் கைமாறும் 2,200 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒலி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். குரலின் தெளிவு இருப்பதே அங்கேதான். கெஃப் கியூ150-இல் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை, அது படுத்தாலும் ஒன்றுதான் நின்றாலும் ஒன்றுதான். உயரமும் 30 செ.மீ. அளவுதான்.

வாட் பற்றி: கெஃப்பின் உணர்திறன் 86 டெசிபல், அதாவது 1 வாட் அளவுக்கு 1 மீட்டரில் 86. 3 மீட்டரில் சுமார் 9.5 டெசிபல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்வதிலும் அறைச் சுவர்கள் திருப்பி அனுப்புவதிலும் அதில் பெரும்பகுதி மீண்டுவிடும். ஆக 1 வாட்டிலேயே உரத்துக் கேட்கும். 40 வாட் அதற்கு மேல் 16 டெசிபல், தாராளம். ஒன்றை மட்டும் பாருங்கள்: கெஃப்பின் மின்தடை சில அலைவரிசைகளில் 3.7 ஓம் வரை இறங்கும். ஆம்பின் பின்பக்கத்தில் 8 ஓமுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் சத்தத்தை எல்லைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

நேர்க்கோடு
கெஃப்பின் ஆழம் ஏறக்குறைய 28 செ.மீ. 30 செ.மீ. தட்டில் பின்னால் மிஞ்சுவது 2 செ.மீ., கம்பி செருகவே திணறும். போர்ட்டும் பலகையில் முட்டிக்கொள்ளும். ஜேபிஎல்லின் ஆழம் 23 செ.மீ. என்பதால் தாராளமாக இருக்கும்.

ஆறரைஅங்குலம்
அப்படியானால் பி6.2-இன் தம்பி பி5.2 இருக்கிறதே. உயரம் 34 செ.மீ. அளவு, ஆழம் 24-க்குள், முன்பக்கப் போர்ட், ஐந்தேகால் அங்குல வூஃபர், 46 ஹெர்ட்ஸ். நேர்க்கோடு சொல்வதுபோல் பேஸ் அதிகமாவதுதான் பயம் என்றால் சின்ன வூஃபரில் என்ன குறை? கைவசமுள்ள ஆம்பும் வீணாகாது.

நேர்க்கோடு
பி5.2 பொருந்துகிறது, மறுக்கவில்லை. சுவரின் கனத்துக்கு அதில் சுவிட்ச் இல்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. பாட்டு கணினியிலிருந்தோ ஃபோனிலிருந்தோ வருகிறதென்றால் ஈக்வலைசரில் (அலைவரிசைவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள், அந்த வேலை பெருமளவு நடந்துவிடும்.

காதுசாட்சி
3 மீட்டர் தள்ளிக் கேட்பதற்கு மேசை மானிட்டரைவிட பி5.2-வே மேல் என்பது என் எண்ணம். ஜேபிஎல் நல்ல ஸ்பீக்கர்தான், ஆனால் அது ஒரு மீட்டர் தூரத்தில், முகத்துக்கு எதிரே வைத்துக் கேட்பதற்கானது.

நேர்க்கோடு
அந்த ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஒரு பெட்டிக்கு 82 வாட், இந்தச் சின்ன அறைக்கு ஏராளம்.

மாலைநேரம்
பாட்டு கணினியிலிருந்துதான் வருகிறது. பி5.2-ஐத் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கப் போகிறேன். தட்டில் எப்படி வைப்பது?

பழைய_ஆம்ப்
பெட்டியின் முகம் அலமாரி விளிம்போடு சரியாக வரட்டும், உள்ளே தள்ளாதீர்கள். தள்ளினால் மேல் பலகையிலும் பக்கப் பலகையிலும் ஒலி மோதித் திரும்பும். இரு பக்கமும் இடைவெளி விடாமல் புத்தகங்களை அடுக்குங்கள். அடியில் ரப்பர் துண்டுகள் வையுங்கள், பலகை அதிராது. ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும் தட்டாகப் பாருங்கள்.

நேர்க்கோடு
முடிந்தால் சோபாவைப் பின்சுவரிலிருந்து அரை மீட்டராவது முன்னால் இழுங்கள். எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் 43 ஹெர்ட்ஸ் குமுறல் அதில் குறையும்.