பிடிஏ (பெற்றோர்-ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் நடந்த எது இன்னும் உறுத்துகிறது? எழுதுங்கள்

வேலந்தாவளத்துப் பொண்ணு:
அப்போது நான் நாலாம் வகுப்பு. எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காட்டு எல்லையில். அம்மா பொள்ளாச்சிப் பக்கம், இங்கே கட்டிக்கொண்டு வந்தவர். சந்தை, பஸ், கோயில் எல்லாம் எங்களுக்குத் தமிழிலேயே ஓடிவிடும். கிளாஸ் டீச்சர் புதுசு. பிராக்ரஸ் கார்டை நீட்டி, “அம்ம இவிடெ ஒப்பிடணம்” என்றார். மலையாளத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார், அவ்வளவுதான். அம்மாவோ, “எதுக்குங்க டீச்சர் ஒப்பிடோணும்? அவளவ படிப்பு அவளவளுக்கு” என்றார். பின்னால் இருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளக்கிச் சொல்ல அஞ்சு நொடி ஆகியிருக்குமா? அப்புறம் பத்தாவது வரை அப்பாதான் வந்தார்.

சித்தூர்க்காரன் (ஆந்திரா சித்தூர், பாலக்காட்டுச் சித்தூர் இல்லை):
எங்களுக்கு நோட்டீஸ் தெலுங்கில் வரும், அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். சனிக்கிழமைக் கூட்டத்தை ஞாயிறு என்று படித்தேன். வெளுத்த வேட்டியோடு பூட்டின கேட்டுக்கு முன்னால் அவர் நின்றதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவே இல்லை.

சரி, தங்கச்சிக்கு ஒன்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 21-ஆம் பிரிவைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது, அரசுப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. உங்கள் அம்மா அதில் உறுப்பினர் ஆகியிருக்கலாம். நோட்டீஸ், தீர்மானம் எல்லாம் தமிழிலும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையாக விடாதீர்கள்.

வேலந்தாவளத்துப் பொண்ணு:
அண்ணா, நான் சட்டம் கேட்கவில்லை. இது நடந்தது 2001-ல்.

மூணாறு டீச்சர்:
எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளி என்றால் அந்தக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம் தம்பி, 2012-ல் திருத்தியாயிற்று. அது கிடக்கட்டும். பகல் ரெண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர் எப்படி வருவார்? கூலி போய்விடும். அதனால் ஒரு தடவை சாயங்காலம் நானே லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு, போனேன். ஒரு அம்மா, விரலெல்லாம் கொழுந்துக் கறை, கார்டைத் தொடவே மாட்டேன் என்றார். மகள் பிடித்துக் காட்ட, உதடு அசைய மார்க்கைக் கூட்டினார். தினமும் எடைச் சீட்டைக் கூட்டிப் பார்க்கிறவர். “டீச்சர், பத்து குறையுது.”

குறைந்துதான் இருந்தது. கூட்டிப் போட்டது நான்.